கார்டில் பிறந்த பிள்ளை

அண்ணனூர் ரயில் கார் ஷெட் சுவருக்குப் பின்னால் இருந்த சகாய நகரில் அறுபது வீடுகள். வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது, தெருக்களுக்குப் பெயர் கிடையாது, குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. ஆனால் இக்னேஷியஸ் இருந்தார். அரசாங்கம் தர மறந்த அத்தனைக்கும் அவர் ஒருவரே ஈடு என்று நகர்வாசிகள் நம்பினார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு பவுண்டரியில் அவருக்கு டைம் ஆபீஸ் கிளார்க் வேலை. ஷிப்டுக்கு வருகிறவன் எத்தனை நிமிஷம் தாமதம், அதற்கு என்ன பொய் சொல்கிறான் என்று குறித்து வைப்பதுதான் உத்தியோகம். பதினைந்து வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்ததில் அவருக்கு இரண்டு விஷயம் உறுதியாகிவிட்டது. உலகத்தில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, படித்ததில் பாதியும் படிக்காததில் பாதியுமாகச் சேர்த்து விளக்கம் சொல்வார். மின்சார வாரியத்துக்கு மனு, பள்ளிக்கூட பாரம், ரேஷன் கார்டு பாரம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். கூலி வாங்க மாட்டார். நகரே தன்னைக் கேட்டுவிட்டுத்தான் தும்ம வேண்டும், அது போதும் அவருக்கு.

எண்பத்து நாலில் புது ரேஷன் கார்டுக்குப் பாரம் கொடுத்தார்கள். அறுபது வீட்டுக்கும் நிரப்பிக் கொடுத்து முடித்துத் தன் பாரத்தைக் கையில் எடுத்தபோது, அவருக்கு அந்த யோசனை வந்தது. சர்க்கரையைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்து போட்ட காலம் அது. தன் பெயர், மனைவி ஞானகுமாரி பெயர், மூத்த மகள் ஜெயகுமாரி பெயர் எழுதிய பிறகு இன்னும் கோடுகள் காலியாக இருந்தன. காலிக் கோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காத மனுஷன். 'அமல்ராஜ், ஆண், வயது ஆறு மாதம்' என்று எழுதிவிட்டார். ஞானகுமாரிக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இல்லாத பிள்ளைக்குப் பேர் வைப்பது இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்றாள். இவர் சிரித்தார்.

அமல்ராஜ் நல்ல பிள்ளை. சளி பிடிக்காது, ஜுரம் வராது, சிலேட்டை உடைக்க மாட்டான். மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரை மட்டும் வாங்குவான். அப்பா அம்மாவுக்கு அவனால் ஒரு நாளும் கஷ்டமில்லை.

பக்கத்து வீட்டு ஹபிபுல்லாவுக்கும் இக்னேஷியஸ் அதே மாதிரி ஒரு பிள்ளையைக் கொடுத்துப் பார்த்தார். ஹபிபுல்லா ஆவடி மார்க்கெட்டில் மெத்தை தைக்கிறவர், அதிகம் பேச மாட்டார். தலையை ஆட்டி, இருக்கிறவங்க பேர் மட்டும் எழுதுங்கண்ணே, அது போதும் என்று சொல்லிவிட்டார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று இக்னேஷியஸுக்கு அவர் மேல் ஓர் இரக்கம் வந்தது. பிறகு எண்பத்தேழில் ஹபிபுல்லாவுக்கு அன்வர் பாஷா பிறந்தான், இக்னேஷியஸுக்கு தெரசா பிறந்தாள், ஒரே மாதத்தில். ஹபிபுல்லாவின் மனைவி ஷரீஃபுன்னிசா பூந்தமல்லிப் பெண். கூடப் பிறந்த அண்ணன் இல்லாததால் இக்னேஷியஸை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாள். இரண்டு குழந்தைகளும் ஒரே பாயில் தவழ்ந்தன.

எண்பத்தெட்டு ஜூலையில்தான் வினை வந்தது. ஒரு காலை, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் நர்ஸ் அங்கம்மா வந்தாள். வெயிலில் நடந்து நடந்தே கறுத்துப்போன பெண். தோளில் ஐஸ் பெட்டி, கக்கத்தில் நீளமான பதிவேடு. சுற்று வட்டாரத்தில் நாலைந்து குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதம் வந்திருக்கிறது, கால் விளங்காமல் போய்விடும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பால்வாடியில் சொட்டு மருந்து கொடுக்கிறோம், ஐந்து வயதுக்குள் இருக்கிற ஒரு பிள்ளையையும் விடாமல் கூட்டி வர வேண்டும் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் சகாய நகரின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். இங்கேதான் கதவு எண்ணே இல்லையே, அதனால் எல்லாரும் ரேஷன் கார்டோடு வாருங்கள், ரேஷன் கடை பால்ராஜ் மேஜையில் உட்கார்ந்திருப்பார், கார்டில் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்பார், வராத பிள்ளையைத் தேடி நாங்களே வீட்டுக்கு வருவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இந்தச் செய்தி இக்னேஷியஸின் காதுக்கு எட்டியது. டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அமல்ராஜுக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது.

வேறொருவன் என்றால் பையன் பாட்டி ஊரில் இருக்கிறான் என்று சொல்லித் தப்பியிருப்பான். ஆனால் சகாய நகரில் யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று எல்லாருக்கும் மனப்பாடம். பால்ராஜ் மேஜையில் உட்கார்ந்து "அமல்ராஜ் எங்கே?" என்று கேட்டால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். கார்டு போகும், அது ஒரு பக்கம். மனு எழுதித் தருகிற, பொய்யைக் கண்டுபிடிக்கிற இக்னேஷியஸ் போய்விடுவார். முகாமுக்கு அவர் மட்டும் போகாமல் இருந்தாலும் தேடி வருவார்கள். ஆகவே யாருமே போகக் கூடாது. அறுபது வீட்டையும் தேடி ஓர் அங்கம்மாவால் அலைய முடியாது.

அன்று மாலையே ஆரம்பித்தார். குடிக்கத் தண்ணீர் தராத அரசாங்கம் குழந்தைக்கு மருந்தை ஏன் சும்மா தருகிறது என்று டீக்கடையில் ஒரு கேள்வி போட்டார். பதில் சொல்லவில்லை, கேள்வி மட்டும்தான். எமர்ஜென்சியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தது மறந்துபோச்சா என்று அடுத்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒரு சித்தப்பாவை வேனில் ஏற்றிப் போயிருந்தார்கள். இந்தச் சொட்டு உள்ளே போனால் பையன்களுக்குப் பிற்காலத்தில் வாரிசு இருக்காது என்று தான் சொல்லவில்லை, சிலர் சொல்கிறார்கள் என்றார். அந்தச் சிலர் அப்போதுதான் அவர் வாயில் பிறந்தார்கள். இல்லாதவர்களைப் பிறக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை.

மறுநாள் காலை ஏழு இருபது எலெக்ட்ரிக் ட்ரெயினில் இதையே பட்டரவாக்கம் வரும்வரை பேசினார். ஐஸ் உருகிய மருந்து விஷம் என்றார். அங்கம்மாவின் பெட்டியில் ஐஸ் இருந்ததா என்று அவர் பார்த்ததில்லை. வெளிநாட்டில் தள்ளிவிட்ட மருந்து என்றார். எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவரிடம் நாடு எது என்று கேட்டால் நமக்குத்தானே அவமானம்.

வியாழக்கிழமை பவுண்டரியில் லேத் ஓட்டுகிற மனோகரன் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினான். அவன் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். சென்னீர்குப்பத்தில் சொட்டு மருந்து குடித்த இரண்டு குழந்தைகள் இன்னும் கண் திறக்கவில்லையாம், வேலப்பன்சாவடியில் மூன்று குழந்தைகளாம், பேப்பரில் வரவிடாமல் அமுக்கிவிட்டார்களாம் என்றான். தான் அண்ணனூரில் ரயிலேற்றி அனுப்பிய கதைதான் பஸ் மாறி வந்திருக்கிறது என்பது இக்னேஷியஸுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரண்டு, மூன்று என்று கணக்கோடு சொல்கிறானே, நெருப்பில்லாமலா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் பொய்யைத் தானே நம்பியபின் அவர் பேச்சுக்கு இன்னும் பலம் கூடியது. இப்போது மனசாட்சியும் கூட நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷரீஃபுன்னிசா அன்வருக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, ரேஷன் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். சகாய நகரில் அப்படிக் கிளம்பியவள் அநேகமாக அவள் ஒருத்திதான். வாசலில் இக்னேஷியஸைப் பார்த்து நின்றாள்.

"அவரு ஒங்கள ஒரு வார்த்த கேட்டுகினு போவச் சொன்னாரு. போட்னு வந்துடட்டாண்ணே?"

இக்னேஷியஸ் குழந்தையைப் பார்த்தார். அது இவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் ஒருத்தி போனால் என்ன, போகட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் போனால் எதிர்வீடு போகும், எதிர்வீடு போனால் வரிசை நீளும், வரிசை நீண்டால் பால்ராஜ் உற்சாகமாகி வீடு வீடாக வருவான்.

"ஒன்ன தங்கச்சி மாதிரி நெனச்சி சொல்றேம்மா. வாணாம். எங்க தெரசாவுக்கே நான் போடல."

அவள் கார்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தப்பித்தோம் என்ற முகத்தோடுதான் போனாள். போகிற போக்கில் அவருக்கு நன்றியும் சொன்னாள்.

பால்வாடியில் அங்கம்மா ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தாள். நாலு குழந்தைகள் வந்தன, அதில் மூன்று பால்ராஜின் சொந்தம். அப்புறம் பதிவேட்டில் வராதவர்களுக்கு நேரே காரணம் எழுத வேண்டிய கட்டம் இருந்தது. ஹபிபுல்லா வீட்டுக்கு நேரே 'அறியாமை' என்று எழுதினாள். மேலே இருக்கிறவர்கள் அந்தப் பெயருக்கு அந்தக் காரணத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள், கேள்வி வராது. இக்னேஷியஸ் வீட்டுக்கு நேரே 'வெளியூர்' என்று எழுதினாள். படித்தவர் வீட்டுக்கு அறியாமை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

ஞானகுமாரி மட்டும் மசியவில்லை. அவளுக்கு உலக அரசியல் தெரியாது. அமல்ராஜைத் தெரியும், அதனால் புருஷன் எதற்காக இவ்வளவு பேசுகிறார் என்றும் தெரியும். உங்கள் கார்டுக்காக என் பிள்ளை காலைக் கொடுக்க முடியாது என்று அடுப்பங்கரையில் நின்று சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் தெரசாவைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாள் ரேஷன் கார்டு கேட்கவில்லை. இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் அட்டையில் தேதி போட்டுக் கொடுத்து, மாதம் ஒன்றாக இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னாள். விஷம், வாரிசு, வெளிநாடு எதுவும் அன்று இக்னேஷியஸின் நினைவுக்கு வரவில்லை. குழந்தை அழாமல் குடித்தாளே என்று சந்தோஷமாக இருந்தது.

நகரில் கேட்டவர்களுக்கு மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போகிறோம் என்றார்கள். அடுத்த மாதம் இரண்டாவது தடவை கிளம்பும்போது ஷரீஃபுன்னிசா ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து ஞானகுமாரியின் கையில் வைத்தாள். அன்வருக்கும் சேர்த்து மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றாள். ஞானகுமாரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ட்ரெயினுக்கு நேரமாகிறது என்றார். அந்த மெழுகுவர்த்திகள் பீரோ மேல் கிடந்து, கரன்ட் போன நாட்களில் ஒவ்வொன்றாகச் செலவாயின.

செப்டம்பரில் அன்வருக்கு ஜுரம் வந்தது. நாலாம் நாள் ஜுரம் விட்டது. ஐந்தாம் நாள் குழந்தையை நிற்க வைத்தபோது இடது கால் மடங்கிக்கொண்டு போனது. மறுபடி நிற்க வைத்தாள், மறுபடி மடங்கியது. ஷரீஃபுன்னிசா வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டது ஹபிபுல்லாவை அல்ல, இக்னேஷியஸை. அவர்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ட்ரெயினேறி, பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டர் காலை இரண்டு முறை தூக்கி விட்டுப் பார்த்தார். சொட்டு மருந்து போட்டீர்களா என்று கேட்டார். ஷரீஃபுன்னிசா இக்னேஷியஸின் முகத்தைப் பார்த்தாள். இக்னேஷியஸ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். இல்லை என்று அவள்தான் சொன்னாள். உங்களை மாதிரி ஆட்களுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று டாக்டர் ஆரம்பித்து, பெற்றவளா நீ என்பதுவரை போனார். அவள் தலை குனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டாள். நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல இக்னேஷியஸுக்கு மூன்று வார்த்தை போதும். பொய்யைக் கண்டுபிடிப்பதில் பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவருக்கு உண்மையைச் சொல்லத்தான் பழக்கமில்லை.

வெளியே வந்து மர பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அழுதுகொண்டே ஒன்று கேட்டாள். போட்டிருந்தால் வந்திருக்காதா? அவர் ஆறுதலாகச் சொன்னார்: போட்டிருந்தாலும் வந்திருக்கும்மா, இது மேலே எழுதினது, டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். கருணையான பொய் என்று அதை நினைத்துக்கொண்டார். யாருக்குக் கருணை என்று மட்டும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் போல ஓர் அண்டை வீட்டுக்காரர் யாருக்கும் வாய்த்ததில்லை. அன்வருக்கு இரும்புப் பட்டையும் தோலும் வைத்த ஷூ வாங்கித் தந்தது அவர், ஊனமுற்றோர் பாஸுக்கு மனு எழுதியது அவர், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்ச் கேட்டு வாங்கியது அவர். கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அவரைப் பாராட்டினார். தங்கமான மனுஷன் என்று சகாய நகர் சொன்னது. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஷரீஃபுன்னிசா வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய பிரியாணி வந்தது. அவர் சாப்பிட்டார். ஞானகுமாரி அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். சாயங்காலங்களில் தெரசா தெருவில் ஓடுவாள். அவள் பின்னால் அன்வர் ஷூவைத் தட்டித் தட்டி வருவான். அந்தச் சத்தம் கேட்டால் இக்னேஷியஸ் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

அமல்ராஜுக்கும் வயது ஏறியது. கார்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவனும் புதுப்பிக்கப்பட்டான். பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஞானகுமாரி எத்தனையோ தடவை சொன்னாள். திடீரென்று எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்றார் இவர்.

தொண்ணூற்றைந்து டிசம்பரில் நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து என்றார்கள். டிவியில் சொன்னார்கள், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள், மூன்று வயதுக்குள் இருக்கிற எல்லாருக்கும் என்றார்கள். இந்தத் தடவை ரேஷன் கார்டு வேண்டாம். பன்னிரண்டு வயது அமல்ராஜுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆகவே இக்னேஷியஸுக்கும் அந்த மருந்தின் மேல் ஒரு விரோதமும் இல்லை. டீக்கடையில் விஞ்ஞானத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை, ஷரீஃபுன்னிசா வந்தாள். இடுப்பில் ராபியா, அவளுடைய இரண்டாவது குழந்தை, ஒரு வயது. பின்னால் அன்வர். ஞானகுமாரி முன்னறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ராபியாவுக்கு இதுவரை ஒரு சொட்டும் போடவில்லை என்பது அன்றுதான் இக்னேஷியஸுக்குத் தெரிந்தது. போட்டாலும் வருவது வரும் என்று அவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் சொன்ன வார்த்தையை அவள் ஏழு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். நர்ஸ் அங்கம்மா நேற்று வந்து காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டுப் போனாளாம்.

"எனக்கு இன்னா தெரியும்ணே. நீங்க சொன்னா போடறேன். வாணாம்னா ஊட்டுக்கு போறேன்."

"போடும்மா," என்றார் இக்னேஷியஸ். "இப்பவே போய் போட்னு வந்துடு."

அவள் நகரவில்லை. ராபியாவை மறு இடுப்புக்கு மாற்றினாள். முகத்தில் குழப்பம்; குற்றம் சாட்டுகிற முகம் இல்லை, கணக்கு விடை வராத பிள்ளையின் முகம்.

"தெரசாவுக்கு போடலன்னு சொன்னீங்க. அது இன்னா ஜோரா ஓடிகினு கீது. போடாத புள்ள நல்லாத்தானே கீது, அப்ப இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. ஞானகுமாரி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு பார்த்த அதே பார்வை. இப்போது ட்ரெயினும் இல்லை.

இக்னேஷியஸின் வாயில் காரணங்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அப்போது வந்த மருந்து வேறு, இப்போது வருவது வேறு என்று சொல்லலாம். அது ஒன்று போதும், அவள் நம்பிவிடுவாள். ஆனால் நம்பினாலும் சந்தேகத்தோடு நம்புவாள். வாசல் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது வேறு மாதிரி சொன்னால் திரும்பிவிடுவாள். ராபியா அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தன் பேரா, இந்தக் குழந்தையின் காலா என்று வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அவரைக் கேட்டார்கள். முதல் தடவை என்ன பதில் சொன்னார் என்பது வாசலில் ஷூ போட்டுக்கொண்டு நின்றது.

எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தெரசாவுக்கு போட்டம்மா. மூணு தபா. நவநாளுக்கு போறோம்னு சொல்லிட்டு அங்கதான் போனோம்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குத் தாங்கவில்லை. ரேஷன் கார்டையும் எடுத்து நீட்டி, நாலாவது பெயரில் விரலை வைத்துக் காட்டினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கார்டோடு வரச் சொன்னது, பால்ராஜ் பெயர் கூப்பிட இருந்தது, யாரும் போகாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தது. டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லுகிறவனின் குரல் மாதிரி அவர் குரல் அவருக்கே கேட்டது. அந்தக் குரலை அவர் ஒரு நாளும் மன்னித்ததில்லை.

ஷரீஃபுன்னிசா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அமல்ராஜ்," என்றாள். பிறகு அன்வரைப் பார்த்தாள்.

"எம் புள்ள தவந்துகினு கெடந்தப்ப இந்தப் புள்ள சக்கர வாங்கிகினு இருந்திச்சா?"

கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அடித்திருந்தால் அவருக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். இரண்டு அட்டையையும் கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ராபியாவைத் தூக்கிக்கொண்டு நேரே பால்வாடிக்குப் போனாள். அன்வர் பின்னாலேயே போனான். அன்று ரேடியோ பாட்டரி தீர்ந்திருந்தது. தெருக்கோடி வரைக்கும் அந்த ஷூ சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை இக்னேஷியஸ் லீவு போட்டுவிட்டு ரேஷன் ஆபீசுக்குப் போனார். ஒரு பெயரை நீக்க வேண்டும் என்றார். பாரம் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டம் இருந்தது, இறப்பு, குடிபெயர்வு. இறப்பு என்றால் சர்டிபிகேட் வேண்டும், குடிபெயர்வு என்றால் போன ஊரின் விலாசம் வேண்டும். பிறக்கவே இல்லை சார் என்றார் இக்னேஷியஸ். குமாஸ்தா வீரராகவன் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பதினோரு வருஷமா சர்க்கரை வாங்கியிருக்கான், பிறக்கலைன்னா நான் எப்படி நம்பறது என்றார். ஆயுசு முழுக்க எத்தனை பாரம் நிரப்பியிருப்பார். இந்த ஒன்றை நிரப்பத் தெரியாமல் திரும்பி வந்தார். அமல்ராஜ் இன்னும் கார்டில் நலமாக இருந்தான்.

ஷரீஃபுன்னிசா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அது அவருக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் புரிந்தது. டீக்கடையில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. தூக்குவாளி மட்டும் அதற்குப் பிறகு எந்தப் பெருநாளுக்கும் வரவில்லை.

ஜனவரி இருபதாம் தேதி இரண்டாவது தவணை. காலையில் இக்னேஷியஸ் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு, தயங்கித் தயங்கி வந்து நின்றாள். இந்த நகரில் எதுவானாலும் உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார்கள், இந்த மருந்தைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள், போடலாமா என்றாள்.

இக்னேஷியஸ் பேப்பரை மடித்தார். கண்டிப்பாகப் போடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல இருந்தார். அதற்குள் ராபியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்த ஷரீஃபுன்னிசா நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள்.

"அவர கேக்காதம்மா. என் கூட வா, நர்ஸம்மாவ கேக்கலாம்."

இரண்டு பெண்களும் சேர்ந்து பால்வாடிப் பக்கம் போனார்கள். இக்னேஷியஸ் திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.